கிணற்றிலிருந்து ஏழு மீட்டர்

அந்த ஊரில் நிற்கிற இருபத்தாறு கழிப்பறைகளையும் கட்டியது ஒரே கொத்தனார். கட்ட வைத்தது அவருடைய மனைவி. ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அவளைச் சொல்லிவிட்டுத்தான் அவரைச் சொல்வார்கள். அவருக்கும் அதில் வருத்தம் கிடையாது. செங்கல்லோடு பேசுகிற அளவுக்கு மனிதர்களோடு பேசுகிறவர் அல்ல அவர். வீட்டுக்குத் தேவையான பேச்சு முழுவதையும் அவளே பேசிவிடுவாள்.

ஊர் என்றால் இரண்டு தெரு. மேட்டில் ஒன்று, சரிவில் ஒன்று. கீழ்த்தெருவின் முனையில் ஓர் உறைக்கிணறு. கொத்தனார் வீடு அதற்கு அடுத்தாற்போல, கொஞ்சம் மேட்டில். மேல்தெருவில் ஒரு கைப்பம்பு உண்டு. ஒரு குடம் நிறைவதற்குள் அடிக்கிறவருடைய தோள்பட்டை கழன்றுவிடும். மற்ற தேவைக்கு எல்லோருக்கும் ஊருக்கு வெளியே இருந்த முள்ளுக்காடுதான். பெண்கள் விடிவதற்கு முன்னால் போவார்கள். விடிந்துவிட்டால் இருட்டும் வரை அடக்கிக்கொண்டிருப்பார்கள்.

கழிப்பறைத் திட்டம் வந்தபோது, குழிக்குள் இறக்குகிற சிமெண்ட் உறைகளும் பீங்கானும் கதவும் அரசாங்கம் கொடுத்துவிடும், குழி தோண்டிக் கட்டுகிற வேலையை ஊரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். முதல் இரண்டு மாதம் ஒரு வீடும் கை தூக்கவில்லை. சமைக்கிற வீட்டுக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுவந்து வைப்பதா என்று முகம் சுளித்தார்கள். கொத்தனார் மனைவி வீடு வீடாக ஏறி இறங்கினாள். கல்யாண வயதில் பெண் இருக்கிற வீட்டில் அவள் பேச்சு ஒரே மாதிரிதான் இருக்கும்.

"நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து பாத்ரூம் எங்க இருக்குன்னு கேட்டா என்ன செய்வ? கையை நீட்டி, தோ அந்தக் காடு முழுக்க நம்மளுதுதான், இஷ்டப்பட்ட இடத்துல உட்காருங்கன்னு சொல்வியா?"

சிரித்தவர்கள் சம்மதித்தார்கள். சிரிக்காதவர்களிடம் மறுநாள் மறுபடியும் போனாள்.

முதல் கழிப்பறையைத் தன் வீட்டில்தான் கட்ட வேண்டும் என்று அவளே முடிவு செய்தாள். எங்கே கட்டுவது என்பதையும் அவளே காட்டினாள். வீட்டுக்குப் பின்னால் இல்லை, பக்கவாட்டில், கிணற்றைப் பார்த்தாற்போல.

கொத்தனார் டேப்பை விரித்து அளந்தார். ஏழு மீட்டர் வந்தது. திட்டக்காரர்கள் கொடுத்த காகிதத்தில் கிணற்றுக்கும் குழிக்கும் பதினைந்து மீட்டராவது இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அவர் அதைப் படித்திருந்தார்.

"கொஞ்சம் கிட்டயா இருக்கு," என்றார்.

"கிட்ட இருந்தாத்தாங்க தண்ணி எடுக்க வர்றவளுங்க கண்ணுல படும். பின்னால கொண்டுபோய் ஒளிச்சு வெச்சா யார் வந்து பார்க்கப் போறா?"

"காகிதத்துல வேற மாதிரி போட்டிருக்கான்."

"காகிதம் எழுதினவன் நம்ம ஊரைப் பார்த்தானா? இந்த மண்ணுல கடப்பாரையே இறங்க மாட்டேங்குது. தண்ணியா இறங்கிடப் போகுது?"

கடப்பாரையை எடுத்தார். மூன்று அடி வரைக்கும் கெட்டி மண். அதற்குக் கீழே தண்ணீர் நிற்காத சரளை வந்தது. சரளையைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நின்றார். அதையும் அள்ளி வெளியே போட்டுவிட்டு உறையை இறக்கினார். அடி பூசாமல் விடுகிற குழி அது. தண்ணீர் மண்ணில் ஊறிப் போய்விட வேண்டும் என்பதுதான் அதன் கணக்கு. எங்கே போகும் என்பதை அவர் அன்றைக்கு யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. யோசித்தார், பிறகு கலவை காய்ந்துவிடுமே என்று வேலையைப் பார்த்தார்.

அவள் சொன்னபடியே நடந்தது. தண்ணீர் எடுக்க வந்தவர்களெல்லாம் கதவைத் திறந்து பார்த்தார்கள். நீலப் பெயிண்ட் அடித்த கதவு, உள்ளே கொக்கி, சுவரில் ஒரு ஜன்னல் ஓட்டை. கோடை முடிவதற்குள் இருபத்தாறு வீட்டிலும் கட்டியாயிற்று. மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுக் கைதட்டிப் போனார்கள்.

மழை தொடங்கிய மூன்றாவது வாரம் கீழ்த்தெருவில் வயிற்றுப்போக்கு வந்தது. முதலில் ஒரு கிழவருக்கு. பிறகு கொத்தனாருடைய எதிர்வீட்டுப் பெண்ணின் குழந்தைக்கு. அதற்கு இரண்டு வயது. அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தது. பிறகு வீட்டுக்கு ஒருவர் என்று விழுந்தார்கள். சுகாதார நிலையத்திலிருந்து உப்புப் பொட்டலம் கொடுத்தார்கள். அதைத் தண்ணீரில் கலக்கி வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவளும் கொத்தனார் மனைவிதான். விறகெல்லாம் நனைந்து கிடந்த சமயம், காய்ச்சவில்லை. எந்தத் தண்ணீரில் கலக்குகிறோம் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

கிழவர் போனார். மறுநாள் குழந்தை போயிற்று. அதற்கு மறுநாள் அவள் படுத்தாள். படுத்தது கூடத் தெரியாது. வேலை முடித்துவிட்டுச் சாய்ந்திருக்கிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளுடைய தம்பி வாடகை வேன் ஓட்டுகிறவன். அவன் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாதி வழியில் ரோட்டை வெள்ளம் அடைத்திருந்தது. வேறு பாதையாகத் திருப்பி ஓட்டினான். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தபோது, கொத்தனார் மடியில் அவள் தலை இருந்தது. "இறக்குங்க மாமா," என்றான். "அவசரமில்ல," என்றார் கொத்தனார்.

அவர் அழவில்லை. எப்போதாவது தனியாக உட்கார்ந்து அழுதுகொள்வார் என்று ஊர் நினைத்தது. அதுவும் இல்லை. பத்தாம் நாள் பக்கத்து ஊருக்குச் சுவர் வேலைக்குப் போனார். கல் வைத்தார், நூல் பிடித்தார், பூசினார். பதினேழு வயது மகள் தட்டில் எதைப் போட்டாளோ அதைச் சாப்பிட்டார். ஒருநாள் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டாள். அவர் பாட்டுக்குச் சாப்பிட்டு எழுந்துவிட்டார். மகள் பிறகு தான் சாப்பிடும்போதுதான் தெரிந்துகொண்டாள். மரத்துப்போன கால் தன்னுடையதுதானா என்று தொட்டுப் பார்ப்பதுபோல, அவர் சில சமயம் மனைவியின் பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பார். ஒன்றும் ஆகாது. மறுபடி வேலைக்குப் போவார்.

இரண்டு மாதம் கழித்துத் தண்ணீர் பரிசோதனைக்கு ஓர் அம்மா வந்தாள். தோள்பையில் சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். அதனால் வந்த அன்றைக்கே அவளுக்குக் குப்பிக்காரம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. கிணற்றில் நான்கு குப்பி, கைப்பம்பில் நான்கு குப்பி பிடித்தாள். வைப்பதற்கு மழை படாத, கொஞ்சம் சூடான இடம் வேண்டும் என்று கேட்டாள். கொத்தனார் வீட்டு அடுப்படி மாடத்தில் வைத்தார்கள்.

"மனுஷக் கழிவு கலந்த தண்ணியா இருந்தா ரெண்டு நாள்ல கறுத்துடும். நல்ல தண்ணின்னா நிறம் மாறாது," என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் மதியமே கிணற்றுக் குப்பிகள் நான்கும் மை போலக் கறுத்துவிட்டன. கைப்பம்புக் குப்பிகள் அப்படியே இருந்தன. கொத்தனார் வேலை முடிந்து வந்து கை கழுவும்போது பார்த்தார். துண்டில் கையைத் துடைத்தார். பிறகு மூலையில் கிடந்த டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார். முனையைக் குழியின் மேல் ஒரு கல்லால் அமுக்கி வைத்துவிட்டுக் கிணறு வரைக்கும் விரித்தார். ஏழுதான். ஒரு விரல்கூட நகரவில்லை.

நெஞ்சில் ஏதாவது நடக்கும் என்று அவர் காத்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. டேப்பைச் சுருட்டும்போது அதில் ஒட்டிய மண்ணை விரலால் வழித்துவிட்டார். அவ்வளவுதான்.

எதிர்வீட்டுக் குழிக்குப் போனார். பதினொன்று. இன்னும் இரண்டு வீட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று. மற்றவை எல்லாம் தூரம்.

மூன்றாம் நாள் குப்பிக்காரம்மா வந்து பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரையும் பள்ளிக்கூட வராண்டாவுக்கு வரச் சொன்னாள். அதற்கு முதல்நாள் மச்சினன் வந்தான். மாமா எதையோ அளந்துகொண்டு திரிகிறார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். விஷயத்தைக் கேட்டவன் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அந்தம்மா பொதுவா ஏதாவது சொல்லிட்டுப் போகட்டும் மாமா. நீங்க வாயைத் திறக்க வேணாம்."

"ம்."

"சொன்னா யார் பேரு கெடும் தெரியுதா? எங்க அக்கா பேரு. இன்னைக்கும் ஊர்ல அவளைப் பத்திப் பேசினா கண்ணு கலங்குறாங்க. அதையும் எடுத்துடாதீங்க."

மகள் கொண்டுவந்த டீயை அவன் பக்கம் நகர்த்தினார் கொத்தனார். அவன் டீயைக் குடிக்காமலே எழுந்து போனான்.

வராண்டாவில் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். குப்பிக்காரம்மா கறுத்த குப்பியையும் கறுக்காத குப்பியையும் கையில் தூக்கிக் காட்டினாள். கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்து மருந்து போட வேண்டும், அதுவரைக்கும் காய்ச்சாமல் ஒரு வாய் குடிக்கக் கூடாது என்றாள். கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற குழிகளிலிருந்துதான் கசிந்திருக்க வேண்டும் என்றும் சொன்னாள். கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது.

கொத்தனார் எழுந்தார். அவர் எழுந்து நின்று பேசி ஊர் பார்த்ததில்லை.

"என் வீட்டுக் குழி ஏழு மீட்டர்ல இருக்கு. பதினஞ்சு இருக்கணும்னு காகிதத்துல போட்டிருந்தது. நான் படிச்சேன். தெரிஞ்சேதான் தோண்டினேன்."

பின்வரிசையிலிருந்து ஒரு பெண், "அக்காவுக்கு இது தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியாது. இடம் பார்த்தது நான்தான்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த மகள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். மச்சினன் எழுந்து வெளியே போய்விட்டான்.

எதிர்வீட்டுப் பெண் முன்வரிசையில்தான் இருந்தாள். "எங்க வீட்டுக் குழியும் அதுல சேர்த்தியாண்ணா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. பதினொண்ணு."

"அதையும் நீங்கதானே தோண்டினீங்க."

"நான்தான்."

"எப்ப மூடுவீங்க?"

"இன்னைக்கே மூடறேன்."

"சரி," என்று சொல்லிவிட்டு அவள் சேலையை உதறிக்கொண்டு எழுந்து போனாள்.

யாராவது வந்து சட்டையைப் பிடிப்பார்கள் என்று அவர் நின்ற இடத்திலேயே நின்றார். இரண்டு அறை விழுந்தால் உறைக்கும், அதன் பிறகு ஏதாவது தெரியும் என்று தோன்றியது. ஒருவரும் வரவில்லை. கிழவருடைய மகன் அவரைத் தாண்டிப் போகும்போது தோளில் படாமல் ஒதுங்கிப் போனான். அது மட்டும்தான்.

அன்று சாயங்காலத்துக்குள் சுத்தியலால் பீங்கானை உடைத்து, நான்கு குழிகளிலும் சுண்ணாம்பு கொட்டி மண் தள்ளினார். நீலக் கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தார். மகள் தண்ணீர் காய்ச்சி ஆற வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"அம்மாதானேப்பா அந்த இடத்தைக் காட்டினாங்க. நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன்."

"ம்."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"காட்டினது அவ. கடப்பாரை என் கையிலதானே இருந்தது."

மகள் காலி டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த வாரம் முழுதும் ஊர் மறுபடி முள்ளுக்காட்டுக்குப் போயிற்று. நான்கு வீடு மட்டுமில்லை, இருபத்தாறு வீடும். கழிப்பறை என்ற வார்த்தையைக் கேட்டாலே பயந்தார்கள். ஒரு வீட்டில் உள்ளே விறகு அடுக்கினார்கள். இன்னொரு வீட்டில் ஆட்டைக் கட்டினார்கள். அந்த ஆட்டுக்கு ஊரிலேயே கொக்கி போட்ட கதவும் ஜன்னலும் வாய்த்தது என்று மேல்தெருவில் ஒருவன் சொன்னான். சொன்னவனே சிரிக்கவில்லை.

குப்பிக்காரம்மா மருந்து போட வந்தபோது இதைப் பார்த்தாள். கொத்தனாரைத் தேடி வந்தாள்.

"இருபத்தாறுல நாலுதான் தப்பு. மத்த குழிக்கும் கிணத்துக்கும் சம்பந்தம் கிடையாது. இவங்க காட்டுக்குப் போனா அடுத்த மழையில அது எங்க வந்து சேரும்? யாராவது எடுத்துச் சொல்லணுமே கொத்தனாரே."

"எடுத்துச் சொல்றவ போயிட்டாளேம்மா."

"அப்ப நீங்கதான் சொல்லணும்," என்றாள்.

அவருக்குச் சொல்லத் தெரியாது. அதனால் டேப்பை எடுத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "வாங்க," என்பார். வீட்டுக்காரர் கையில் டேப்பின் முனையைக் கொடுத்துக் குழியின் மேல் வைத்துப் பிடிக்கச் சொல்வார். கீழ்த்தெருக்காரர்களுக்குக் கிணறு வரைக்கும், மேல்தெருக்காரர்களுக்குக் கைப்பம்பு வரைக்கும் நடப்பார். டேப் முடிந்த இடத்தில் செங்கல் வைத்து, அங்கிருந்து மறுபடி விரிப்பார். கடைசியில் எண்ணைக் காட்டுவார். நாற்பத்திரண்டு. முப்பத்தெட்டு. அறுபது. "போதும். பயமில்ல. தினமும் போங்க," என்பார். பேச்சு அவ்வளவுதான். சிலர் கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவுக்கு அவர் மறுநாளும் போனார். ஆட்டுக்காரன் மூன்றாம் தடவைதான் வெளியே வந்து டேப்பைப் பிடித்தான். நான்காம் நாள் ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போய் மரத்தில் கட்டினான்.

எதிர்வீட்டுக்கு அவர் கடைசியாகப் போனார். அவள் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"பின்னால புதுசா ஒரு குழி எடுத்துத் தர்றேன். வேணாம்னா விட்டுடறேன்."

அவள் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்து டேப்பின் முனைக்காகக் கையை நீட்டினாள். வீட்டுக்குப் பின்னால் மாடு கட்டுகிற இடத்தைத் தாண்டி அவள் போய் நின்றாள். அவர் கிணற்றடிக்கு நடந்தார்.

"இருபத்தொண்ணு," என்று அங்கிருந்து சொன்னார்.

"இன்னொரு தடவை அளங்க."

அளந்தார். இருபத்தொன்றுதான். அவள் தானே கிணற்றடி வரைக்கும் நடந்து வந்து எண்ணைக் குனிந்து பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல ஒவ்வொரு கோடாகப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

அந்தக் குழிக்கு உறை ஏற்றி வந்தது மச்சினனுடைய வேன். ஒரு மாதமாகக் கொத்தனார் பக்கமே வராதவன், கூப்பிடாமலே வந்து வண்டியைப் பின்பக்கமாகத் திருப்பி நிறுத்தினான். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உறையை உருட்டி இறக்கினார்கள்.

"எங்க அக்காவுக்கு எல்லாம் தெரியும். எனக்கும் தெரியும், அவதான் அந்த இடத்தைச் சொல்லியிருப்பா," என்றான் மச்சினன், மூச்சு வாங்கிக்கொண்டே. "அவ சொல்லாம நீங்க ஒரு ஆணிகூட அடிச்சது கிடையாது."

"உறையைப் பார்த்து இறக்கு. விரல் மாட்டிக்கும்," என்றார் கொத்தனார்.

குப்பிக்காரம்மா எழுதிப் போட்டு, அலைந்து, சண்டை பிடித்ததில் நான்கு மாதம் கழித்து ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டி வந்தது. மேல்தெருவுக்கும் மேலே, எந்த வீட்டுக்கும் சம்பந்தமில்லாத மேட்டில் இடம் பார்த்தார்கள். இடம் பார்க்கிற அன்று இன்ஜினியரோடு கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் கேட்காமலே எல்லாப் பக்கமும் அளந்துவிட்டு வந்தார். இருநூறு அடியில் தண்ணீர் வந்தது. தொட்டி கட்டினார்கள், குழாய் பதித்தார்கள், இரண்டு தெருவுக்குமாக ஆறு இடத்தில் தண்ணீர்க் குழாய். கிணற்றுத் தண்ணீரைத் துணி துவைக்க மட்டும் எடுத்தார்கள்.

முதல் நாள் தண்ணீர் திறந்தபோது ஊரே கூடியது. மேலிடத்து ஆட்கள் இந்தத் தடவையும் வந்து கைதட்டினார்கள். மனைவியைப் பற்றி நான்கு வார்த்தை பேச வேண்டும் என்று கொத்தனாரிடம் கேட்டார்கள். அவர் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். வேலை இருந்தது உண்மைதான். கீழ்த்தெருக் குழாயடியில் மேடை பூச்சு பாக்கி. கூட்டம் மேல்தெருவில் இருந்த நேரத்தில் அவர் கலவை குழைத்து, மட்டப்பலகையால் இழுத்துக் கண்ணாடி மாதிரி வழவழவென்று தேய்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் யாரோ பேசுவதும் அவள் பெயர் ஒரு தடவை வந்து போவதும் காதில் விழுந்தன. பூச்சுக் கரண்டி நிற்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு எதிர்வீட்டுப் பெண் காலிக் குடத்தோடு அந்தக் குழாயடிக்கு வந்து நின்றாள். வயிற்றில் ஆறு மாதம். குனிந்து பூச்சைப் பார்த்தாள்.

"இவ்வளவு வழவழப்பா வெச்சா வழுக்காதாண்ணா? பாசி வேற பிடிக்கும்."

அவர் நிமிர்ந்து மேடையைப் பார்த்தார். அவள் சொன்னது சரி. இத்தனை வருடத் தொழிலில் இது தோன்றாமல் போகுமா என்று நினைத்தார். கடந்த சில மாதங்களாக அவருக்குப் பல விஷயங்கள் தோன்றுவதில்லை.

"ஒரு துடைப்பம் இருந்தா கொடும்மா," என்றார்.

அவள் குடத்தைச் சுவரோரம் வைத்துவிட்டுப் போய்த் துடைப்பத்தை எடுத்து வந்தாள். ஈரம் காயாத சிமெண்ட்டின் மேல் அவர் துடைப்பத்தை லேசாக அழுத்தி இழுத்தார். இழுத்த இடத்தில் வரி வரியாக விழுந்தது. அவள் காலை நீட்டிப் பார்க்கப் போனாள்.

"காய்ஞ்சப்புறம்மா. நாளைக்குக் காலையில வாங்க."

"எத்தனை மணிக்கு?"

"ஏழு மணிக்கு மேல," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பக்கத்தை இழுக்க ஆரம்பித்தார். அவள் காலிக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்ணீர் பிடிக்க மேல்தெருக் குழாய்க்கு நடந்தாள்.